அத்தை, எந்த பேக் வாங்கலாம்?

வானொலி அறிவிப்பாளராக இருந்தால் சொந்தபந்தம் நடுவே இரண்டு கடமைகள் தானாக வந்து சேரும். ஒன்று, யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் ஒரு பாட்டைப் போட்டு வாழ்த்துச் சொல்வது. இன்னொன்று, ஒயர் வைத்த எந்தச் சாமானைப் பற்றியும் கருத்துச் சொல்வது. நான் படித்தது ஊடகத்துறை, மின்சாரத்துறை இல்லை என்று சொன்னால் யாரும் கேட்பதாக இல்லை. கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியிலிருந்து பெரியம்மா வீட்டு டிவி வரை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அழைப்பார்கள்.

போன பள்ளி விடுமுறையில் கோலா தெர்லாவிலிருந்து என் அண்ணன் மகன் அனுப்பிய குரல்பதிவும் அந்த வகைதான். "அத்தை, என்கிட்ட நூத்தம்பது வெள்ளி இருக்கு. கிட்டார் ஆப்ல பேக் வாங்கணும். எத வாங்கலாம்? அப்பாகிட்ட சொல்லாதீங்க."

கேமரன் மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் பிரிஞ்சாங், கியா பார்ம் என்று சுற்றிவிட்டு ஸ்ட்ராபெரியோடு திரும்பிவிடுவார்கள். அதையும் தாண்டி, திரிங்காப் கடந்து, கம்போங் ராஜாவுக்குப் போகிற வழியில் இருப்பது எங்கள் கோலா தெர்லா. சுற்றிலும் நெகிழிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். கொஞ்சம் மேலே போனால் புளூ வேலி தேயிலை. அங்கே ஒரு தோட்டத்தில் தக்காளி தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, லோரியில் ஏற்றிப் பையன் சம்பாதித்த பணம் அந்த 150 வெள்ளி. பதினேழு வயது. விடிகாலைக் குளிரில் அந்த வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் பதிலை ஒரு வரியில் அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் இது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மின்கிட்டாரைத் தனியாக வாசித்தால் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்கும். அதற்கு ஆம்ப்ளிபையர் வேண்டும், ஒலிபெருக்கிப் பெட்டி வேண்டும், எக்கோ, கோரஸ், டிஸ்டார்ஷன் என்று காலால் மிதிக்கிற எபெக்ட் பெட்டிகள் வேண்டும். எல்லாம் சேர்த்து வாங்கினால் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டிவிடலாம். இவை அத்தனையையும் கணக்குப் போட்டுக் கைப்பேசிக்குள் உருவாக்குவதுதான் இந்தச் செயலிகள். 2010-இல் இத்தாலியின் ஐகே மல்டிமீடியா நிறுவனம் ஐரிக் என்ற சின்னக் கருவியோடு ஆம்ப்ளிட்யூப் செயலியை ஐபோனுக்குக் கொண்டுவந்தபோது பலருக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரிந்தது. அடுத்த வருடம் ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஐபேடுக்கு வந்தது, அதற்குள்ளும் கிட்டார் ஆம்ப்கள் இருந்தன. இன்று இந்த மாதிரிச் செயலிகள் நிறைய. இறக்கிக்கொள்வது பெரும்பாலும் இலவசம். உள்ளே போனதும் கடைவீதி ஆரம்பமாகும். பூட்டுப் படம் போட்ட ஆம்ப், பூட்டுப் படம் போட்ட பெடல், ஒரு புகழ்பெற்ற கிட்டார்காரரின் பெயரில் ஒரு பேக், மெட்டல் பேக், புளூஸ் பேக். பையன் எனக்கு அனுப்பிய திரைப்படங்களில் விலை 12 வெள்ளியில் தொடங்கி 90 வெள்ளி வரை போனது.

வீட்டில் பெரிய ஆம்ப் வைத்து வாசிக்க முடியாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. ஒட்டு வீடு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு வயசு" என்பார்கள். ஹெட்போனில் வாசித்தால்தான் உண்டு.

அண்ணனுக்கு இதில் விருப்பமில்லை. "போன்ல கிட்டாரா? கேம் விளையாடுறான், நீயும் அதுக்கு ஒத்து ஊதுற" என்பார். அதைக் கேட்டுக் கோபப்பட எனக்கு உரிமை குறைவு. அப்பா புளூ வேலித் தோட்டத்தில் வேலை செய்தவர், மாலையில் இசைக்குழுவில் கிட்டார். சீனாவிலிருந்து வந்த கபோக் கிட்டார், அந்தக் காலத்தில் இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அதில் ஒரு பிக்அப்பை ஒட்டி, குழுவின் ஆம்ப்பிலும் எக்கோ பெட்டியிலும் சொருகி வாசிப்பார். எலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாட்டுகள் அவருக்கு உயிர். பினாங்கில் தொடங்கிய அந்தக் குழுவின் முகங்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் நம்மவர்கள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. லோகநாதன் 2007-இல் காலமான செய்தி வந்த அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. அண்ணன் அப்பாவிடம் கிட்டார் கற்றுக்கொண்டார், என்னைவிட நன்றாகப் பாடவும் செய்வார். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் கிட்டாரும் ஆம்ப்பும் வீட்டைவிட்டுப் போயின. யாருக்கு விற்றார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள் என்று எங்கள் வீட்டில் பேசியதே இல்லை. அண்ணன் அதற்குப் பிறகு கிட்டாரைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே அந்த 150 வெள்ளி எனக்கு வெறும் பணமாகத் தெரியவில்லை. பையன் அதைக் கண்டதில் கொட்டி, ஒரு மாதத்தில் சலித்துப்போய் மூலையில் வைத்தால் அண்ணன் சொன்னது சரியாகிவிடும். பொங்கல் கலைநிகழ்ச்சியில் ஓர் ஆர்கெஸ்ட்ராவோடு நாலு பாட்டு வாசிக்க அவனுக்கு வாய்ப்பும் கிடைத்திருந்தது.

"மெட்டல் பேக் வாங்கிட்டா சத்தம் நல்லா வரும் அத்தை" என்றான். நாலு பாட்டும் என்னென்ன என்று கேட்டேன். மூன்று எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு, ஒன்று எலிகேட்ஸ். நாலிலும் மெட்டல் எங்கே வருகிறது? பேக் வாங்குவதில் முதல் சிக்கலே இதுதான். நாம் வாசிக்கப்போகிற பாட்டுக்கு வாங்குவதில்லை, விளம்பரக் காணொளியில் கேட்ட பாட்டுக்கு வாங்குகிறோம். அந்தக் காணொளியில் பின்னால் பேஸ் இருக்கும், டிரம்ஸ் இருக்கும், எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் மெருகேற்றியிருப்பார்கள். கிட்டாரின் தடித்த தந்தி அதிர்வது நொடிக்கு ஏறக்குறைய 82 முறை. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஓசையைச் சரியாகக் கொடுக்க முடியாது. அதில் கேட்டு எந்த பேக்கையும் மதிப்பிட வேண்டாம்.

ஆம்ப்களின் பெயர்கள் ஒரு தனிக் காடு. உரிமம் பெற்ற செயலியில் பெண்டர், ஆரஞ்ச் என்று உண்மைப் பெயர் இருக்கும். உரிமம் இல்லாததில் "பிரிட்டிஷ் லீட்", "அமெரிக்கன் கிளீன்" என்று ஜாடையாகச் சொல்வார்கள். ஒரே ஆம்ப்பின் சாயலை மூன்று பெயரில் மூன்று பேக்கில் வாங்கியவர்கள் உண்டு. இத்தனைக்கும் அடியில் இருப்பவை சில குடும்பங்கள்தான். தெளிவான, மணி அடித்த மாதிரி ஓசை தரும் அமெரிக்கக் குடும்பம், கொஞ்சம் கரகரப்பான பிரிட்டிஷ் குடும்பம், பிறகு மெட்டலுக்கான அதிகக் கரகரப்பு. இதிலும் ஒரு வேடிக்கை. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் செய்த முதல் ஆம்ப், அமெரிக்காவின் பெண்டர் பேஸ்மேனைப் பார்த்துச் செய்தது. பிரிட்டிஷ் ஓசையின் பாட்டனே அமெரிக்கன். நம் ஊரில் சம்பந்தி வீட்டு ரசம் என்று தனியாகச் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

புகழ்பெற்றவர்களின் பெயரில் வரும் பேக்குகளைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் ஒரு பேக் வாங்கினால் அவர் பயன்படுத்திய பஸ், வா-வா வகைப் பெடல்களின் சாயல் கிடைக்கும். அவருடைய விரல் கிடைக்காது. ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்து 2012-இல் மறைந்த பால் பொன்னுதுரையைக் கேட்டவர்களுக்கு இது புரியும். சாதாரண அக்குஸ்டிக் கிட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு குழுவே வாசிக்கிற மாதிரி வாசித்தவர். ரா. பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பதையும் கேட்டுப் பாருங்கள். கமகம் நீண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதிரி வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு மெட்டல் பேக்கைவிட ஒரு நல்ல கம்ப்ரெஸர் பெடல் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

இளையராஜாவின் எண்பதுகளுக்கு என்ன வேண்டும்? அவரே கிட்டார் வாசித்து வந்தவர், சலில் சௌத்ரியிடம் கிட்டார் வாசித்தவர். என் காதுக்கு அந்தக் காலப் பாட்டுகளின் மின்கிட்டார் பெரும்பாலும் சுத்தமான ஓசை. மேலே லேசான கோரஸ், கொஞ்சம் ரிவெர்ப். பையனுக்கும் அதைத்தான் சொன்னேன். ஒரு தெளிவான ஆம்ப், ஒரு கோரஸ். அவன் முகம் காணொளி அழைப்பிலேயே சுருங்கிவிட்டது.

இன்னொரு பிரச்சினையும் வைத்திருந்தான். "கெயின் கூட்டினா கீச்சுனு கத்துது அத்தை. நாய்ஸ் கேட் பேக் வாங்கினா நின்னுடுமாம்." இணையத்தில் மலிவாக வாங்கிய இணைப்புக் கருவி ஒன்று வைத்திருந்தான். ஹெட்போன் துளையில் சொருகுவது. அந்த வகைக் கருவியில் கிட்டார் உள்ளே போகிற வழியும் ஓசை வெளியே வருகிற வழியும் ஒரே பிளக்கில் ஒட்டிக்கொண்டு ஓடும். வெளியே வருவது கொஞ்சம் உள்ளே கசியும், மறுபடி பெருகும், மறுபடி கசியும். மைக்கை ஒலிபெருக்கி முன்னால் கொண்டுபோனால் கத்துமே, அதேதான். நாய்ஸ் கேட் நீங்கள் வாசிக்காதபோது வாயை மூடும், வாசிக்கும்போது மறுபடி திறந்துவிடும். எனவே அதற்குக் காசு கொடுத்தால் நோய் ஒன்று, மருந்து வேறு. என் வீட்டில் சும்மா கிடந்த சின்ன டிஜிட்டல் கருவியை பஸ்ஸில் அனுப்பிவைத்தேன். கீச்சு நின்றது. பேக் வாங்க நினைக்கிற யாரும் முதலில் இணைப்புக் கருவியைப் பாருங்கள்.

ஹெட்போன் விஷயத்தில் எனக்குத் தொழில்முறை அனுபவம் உண்டு. அறிவிப்பாளரின் காதில் அவருடைய குரலே கால் நொடி தாமதமாகத் திரும்பி வந்தால் நாக்கு குழறும். இது பேச்சு ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம், என் நாக்குக்கும் தெரிந்த விஷயம். கிட்டாருக்கும் அப்படித்தான். ஓசை ஒரு மில்லி நொடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் பயணிக்கும். செயலியில் 10 மில்லி நொடி தாமதம் என்றால் ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கிற மாதிரி. அதில் யாருக்கும் சிரமம் இல்லை. புளூடூத் ஹெட்போனில் தாமதம் 200 மில்லி நொடியைத் தொட்டுவிடலாம். அப்போது ஆம்ப் 68 மீட்டர் தள்ளி நிற்கிறது. நீங்கள் லயத்தின் முதல் வீட்டில் வாசிக்கிறீர்கள், ஓசை கடைசி வீட்டிலிருந்து வருகிறது. ஒயர் உள்ள ஹெட்போன்தான் சரி.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதையின் இன்னொரு பாகம் உண்டு. அங்கே கைப்பேசிக்குக் கைப்பேசி தாமதம் மாறும். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் கூகுள் புதிய ஒலி வழி ஒன்றைக் கொடுத்த பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனால் எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி இல்லை. அதனால் இலவசப் பதிப்பை இறக்கி, ஒரு வாரம் வாசித்து, விரலும் ஓசையும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் எந்த பேக்கும் அதைச் சரிசெய்யாது. பேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் பழைய கைப்பேசி திணறி, படபடவென்று வெடிக்கிற ஓசைகூட வரும்.

நான் செய்த ஒரு சோதனை உங்களுக்கும் உதவலாம். எபெக்ட் எதுவும் இல்லாமல் அரை நிமிடம் வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னேன். அதையே நான்கு விதமான ஆம்ப் வழியாக ஓட்டினேன். இரண்டு இலவசமானவை, இரண்டு வாங்கும் முன் சில நாள் முயன்று பார்க்க அனுமதித்த பேக்குகள். நான்கையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்தேன். இது முக்கியம். மனிதக் காதுக்குக் கொஞ்சம் சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகவே தோன்றும். வானொலியில் பாட்டுகளைச் சமன்செய்வது ஏன் என்று நினைக்கிறீர்கள்? பெயர் போடாமல் 1, 2, 3, 4 என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அவனுக்கு மிகவும் பிடித்தது 3. அது கராஜ்பேண்டில் இலவசமாக வருவது. 85 வெள்ளி பேக் நான்காம் இடம். பத்து நிமிடம் பதிலே வரவில்லை. பிறகு, "நீங்க மாத்தி அனுப்பிட்டீங்கனு நெனைக்கிறேன்" என்றான்.

அடுத்து பணம் கட்டுகிற விதம். சில செயலிகள் ஒருமுறை வாங்கினால் போதும் என்கின்றன. சில மாதச் சந்தா கேட்கின்றன. அவன் கண்ணில் பட்ட ஒன்று மாதம் 29.90 வெள்ளி. "முப்பதுதானே" என்றான். பன்னிரண்டால் பெருக்கச் சொன்னேன். 358.80. நிறுத்தினால் ஓசையும் போய்விடும். "மூன்று நாள் இலவசம்" என்று கார்டு எண்ணைக் கேட்பதை எடுத்தால், எடுத்த அன்றே ரத்துசெய்ய நினைவூட்டல் வையுங்கள். வெளிநாட்டு இலக்கவியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் சேவை வரி உண்டு, 2024 மார்ச்சில் அது 6-லிருந்து 8 விழுக்காடு ஆனது. நவம்பர் கடைசியிலும் ஆண்டிறுதியிலும் பல நிறுவனங்கள் தள்ளுபடி போடும். அவசரமில்லாததை அதுவரை தள்ளிப்போடலாம்.

கடைசி நேரத்தில்தான் பெரிய விஷயம் தெரிந்தது. வாங்குவதற்கு முன் அவன் ஆப்பிள் கணக்கின் பெயரைப் பார்க்கச் சொன்னேன். அவனுக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரி வந்தது. கைப்பேசி பழையது, ஒரு கடையில் வாங்கியது. கடைக்காரர் தன் வசதிக்குத் தானே ஒரு கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறார். அதில் பேக் வாங்கினால் அது அந்தக் கணக்கின் சொத்து. கைப்பேசி உடைந்தாலோ மாற்றினாலோ, முன்பு வாங்கியதை மீட்க அந்த முகவரியின் கடவுச்சொல் வேண்டும். தக்காளி அடுக்கிய காசு கடைக்காரர் கணக்கில் போயிருக்கும். அன்று மாலையே அதிலிருந்து வெளியேறித் தன் பெயரில் புதுக் கணக்கு திறந்தான். இரண்டாம் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை இன்றே பார்த்துவிடுங்கள். ஐபோனில் வாங்கியது ஆண்ட்ராய்டுக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தனித்தனியாக விற்கும் செயலியில் ஒரு கோரஸ் பெடல் 12.90, ஒரு கிளீன் ஆம்ப் 24.90. ஆம்ப் எதற்கு, இலவசமானதே போதும் என்றேன். "இது எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை" என்றான். காசு அவனுடையது. புதுத் தந்திகள் 35 வெள்ளி, நல்ல கேபிள் ஒன்று 28. பழைய தந்தி துருப்பிடித்துக் கிடந்தது. புதுத் தந்தி போட்ட அன்றுதான், உண்மையைச் சொன்னால், ஓசை அதிகம் மாறியது. மீதி 49 வெள்ளி சொச்சம் அலமாரியில் இருக்கிறது.

ஒத்திகையின்போது நடுப்பாட்டில் கிட்டார் நின்று பாட்டியின் அழைப்பு மணி மண்டபம் முழுக்க ஒலித்ததாம். அதற்குப் பிறகு விமானப் பயன்முறை போடாமல் அவன் வாசிப்பதில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பையன் ஹெட்போன் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். நமக்குத் தந்தியின் டிக்டிக் ஓசைதான் கேட்டது. அண்ணன் செய்தி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டு, வாசி என்று கையைக் காட்டினார். எலிகேட்ஸ் பாட்டு. பாட்டு முடியும்வரை நின்றபடியே கேட்டார்.

"எக்கோவக் கொஞ்சம் கொற" என்றார். "ஒங்க தாத்தா இவ்ளோ போட மாட்டாரு."